வாலிபரும் உடற்கட்டும்: உண்பதிலும் உழைப்பதிலும் நடுநிலை

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எம் உயிரிலும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டுக் கொண்டிருந்த ஓர் இரவில், எமது மஹல்லாவைச் சேர்ந்த தந்தை ஒருவர் என்னைத் தனியே அழைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய பொருளொன்றை என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். சிறியதொரு மருந்துக் குப்பியும் பாவித்த ஊசியொன்றும் இருந்தன. “மௌலவி, மகனின் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் இருந்து அவனுடைய உம்மா எடுத்தது. தூள் பாவிக்கிறானோ என்று வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள்” என்றார். அவருடைய கை நடுங்கிக் கொண்டிருந்தது.

அது தூள் அல்ல என்பதை மறுநாள் எமக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிட்டார். தசையை விரைவாகப் பெருக்குவதற்காகச் சிலர் ஏற்றிக்கொள்ளும் ஸ்டீரொய்ட் ஊசி மருந்து அது. தந்தை ஆறுதல் பெருமூச்சு விட்டார். வைத்தியரோ, “ஆறுதல் அடைவதற்கு இதில் ஒன்றும் இல்லை” என்றார்.

அந்த வாலிபனை நான் சிறு வயது முதல் அறிவேன். உயர்தரப் பரீட்சை எழுதும் காலத்தில் 90 கிலோவுக்கு மேல் எடை இருந்தான். வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பரீட்சை முடிந்ததும் சோற்றை முற்றாக நிறுத்தினான். நாளொன்றுக்கு ஒரு வேளை, அதுவும் முட்டையின் வெள்ளைக்கருவும் வெள்ளரிக்காயும்தான். மாலையில் ஓட்டம். இரண்டு மாதங்களில் 12 கிலோ குறைந்தது. பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஒரு ஜும்ஆ தினத்தில் குத்பாவின் இடையே ஸஃப்பில் மயங்கி விழுந்தான். எடை குறைந்திருந்தாலும் கண்ணாடியில் தான் எதிர்பார்த்த உருவம் தெரியவில்லை என்பது அவனது கவலை. கை கால்கள் மெலிந்திருந்தன, வயிறு மட்டும் தொங்கியது. அந்தக் கவலையோடு அவன் சேர்ந்த உடற்பயிற்சி நிலையத்தில்தான் இந்தக் குப்பி அவன் கைக்கு வந்தது.

இந்தப் பிள்ளை தவறான நோக்கத்தோடு புறப்பட்டவன் அல்லன். உடலைச் சீர்படுத்த வேண்டும் என்ற அவனது எண்ணம் மார்க்கம் விரும்புகின்ற எண்ணமே. வழியைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. வீட்டார் அறியவில்லை, நாமும் மிம்பரில் பேசவில்லை. ஆகவே இன்றைய உரையை இதற்கென ஒதுக்கினேன்.

மார்க்கத்தின் பார்வையில் உடல்

தாலூத் அவர்களை அரசராக நியமித்த வரலாற்றைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 247ஆம் வசனத்தில், அறிவிலும் உடலிலும் அவருக்கு அல்லாஹ் விசாலத்தை வழங்கியிருந்தான் எனக் குறிப்பிடப்படுகிறது. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பணிக்கமர்த்துமாறு மத்யன் நகரத்துப் பெண் தம் தந்தையிடம் கோரியபோது எடுத்துரைத்த தகுதிகள் இரண்டு, வலிமை, நம்பிக்கை. அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில் இதனைக் காணலாம். பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினை விடச் சிறந்தவர், இருவரிடமும் நன்மை உண்டு என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உடற்பயிற்சி நிலையங்களின் சுவர்களிலும் இந்த ஹதீஸை எழுதி மாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இங்கு கூறப்படும் பலம் என்பதற்கு, மறுமைக் காரியங்களில் உள்ளம் கொள்ளும் உறுதி என்றே விளக்கம் எழுதியுள்ளார்கள். புஜத்தின் சுற்றளவை அளப்பதற்கு இந்த ஹதீஸை எடுத்துக்கொள்வது பொருந்தாது. அந்த உறுதியைச் செயலில் காட்டுவதற்கு உடல் துணை நிற்க வேண்டும் என்ற அளவிலேயே உடற்பலம் இதில் சேர்கிறது.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸுனன் அபூதாவூதில் உள்ளது. பிரயாணமொன்றில் நபி (ஸல்) அவர்களோடு அன்னையவர்கள் ஓட்டப்போட்டியில் ஈடுபட்டு முந்திவிட்டார்கள். பின்னொரு காலத்தில் தமது உடலில் சதை போட்டிருந்தபோது மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள். அன்று நீர் வென்றதற்கு இது ஈடு என்ற கருத்தில் இன்முகத்தோடு கூறினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடியிருக்கிறார்கள் என்பதையும், எடை கூடிய பிறகும் ஓட்டம் நிற்கவில்லை என்பதையும், அதில் ஏளனம் என்பது துளியேனும் இல்லை என்பதையும் எமது குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தில், பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று உணர்த்தியதை ஸஹீஹுல் புஹாரியில் காண்கிறோம். வணக்கத்துக்காகக் கூட உடலை வதைக்க அனுமதி இல்லையென்றால், கண்ணாடியில் தெரியும் உருவத்துக்காக அதனைப் பட்டினி போட்டு மயங்கி விழச் செய்வதற்கு எங்கிருந்து அனுமதி வரும்?

தராசு சொல்லாத செய்தி

எடை என்பது ஒரே பொருள் அல்ல. எலும்பு, தசை, கொழுப்பு, நீர் ஆகிய அனைத்தையும் தராசு ஒன்றாகச் சேர்த்தே காட்டுகிறது. ஒரு கிலோ குறைந்தது என்றால் குறைந்தது எது என்று அது சொல்வதில்லை. சோற்றையும் பாணையும் நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குவதைப் பலர் அனுபவித்திருப்பர். ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டிருக்கும் மாப்பொருள் கரையும்போது, அதனோடு ஒட்டியிருக்கும் அதைப் போன்று மூன்று மடங்கு நீரும் வெளியேறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். மீண்டும் சோறு உண்ட மறுநாளே அது திரும்பி வந்துவிடும். அதைக் கண்டு மனமுடைந்து போகிறவர்கள் அநேகர்.

உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சக்தி அடங்கியுள்ளது. அன்றாடம் உடலுக்குத் தேவைப்படும் அளவை விட 500 கலோரி குறைவாக உண்டால், வாரமொன்றுக்குச் சுமார் அரைக் கிலோ குறையும் என்பது பொதுவான கணக்கு. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால் இந்த வேகம் பின்னர் தளரும், அது இயல்பானது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் வாரத்துக்கு 400 முதல் 800 கிராம் வரை குறைத்தால் அது நிதானமான வேகம். இதை விடப் பெரிதும் விரைவாகக் குறைக்க முனையும்போது உடல் தன் தசையையும் எரித்து உண்ணத் தொடங்குகிறது. எமது வாலிபனுக்கு நிகழ்ந்தது இதுவே. அவன் இழந்த 12 கிலோவில் நீரும் தசையும் கணிசமாகப் போயின. வயிற்றின் கொழுப்பு எஞ்சி நின்றது.

கொழுப்பு தசையாக மாறும் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு மாறுவதில்லை, இரண்டும் வெவ்வேறு திசுக்கள். வயிற்றுப் பயிற்சி நூறு முறை செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் அவ்வாறான எண்ணமே. கொழுப்பு எவ்விடத்திலிருந்து முதலில் இறங்கும் என்பதை உடலே தீர்மானிக்கிறது. ஆனால் தசையைக் காத்துக்கொண்டே கொழுப்பை மட்டும் குறைக்க ஒரு வழி உண்டு. உணவைச் சற்றே குறைப்பது, அதில் புரதத்தைக் குறைக்காதிருப்பது, தசைகளுக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்வது, போதிய அளவு உறங்குவது ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்த வழி. புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கு ஒரே காலத்தில் கொழுப்பு குறைந்து தசை கூடவும் செய்யும். அப்போது தராசு அசையாமல் நிற்கலாம். இடுப்புப் பட்டியோ ஒரு துளை உள்ளே போயிருக்கும். எனவே அளவு நாடாவால் இடுப்பை அளந்து வையுங்கள். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. எம்மவர் பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றினுள்ளே கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் உடல்வாகு உடையவர்கள். இதனாலேயே உடற்திணிவுச் சுட்டியில் உலகின் ஏனையோருக்கு 25 என்றிருக்க, ஆசிய மக்களுக்கு 23 முதலே கவனம் தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டு கருத்து வெளியிட்டது.

எமது பீங்கானில் இருப்பவை

உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்தில் அளவு கடப்பதைத் தடுக்கிறான். இது அல்அஃராப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம். மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரழி) அவர்கள் அறிவித்து திர்மிதியில் பதிவாகியுள்ள ஹதீஸோ, முதுகை நிமிர்த்தும் சில கவளங்கள் போதும் என்றும், அதற்கும் மேல் வேண்டுமாயின் மூன்றிலொரு பங்கு உணவுக்கும் மூன்றிலொரு பங்கு நீருக்கும் மூன்றிலொரு பங்கு மூச்சுக்கும் என்றும் எல்லை வகுக்கிறது. நாமோ மூன்றிலொன்றை உச்சவரம்பாகக் கொள்ளாமல், மூன்று பங்கையும் சோற்றுக்கே கொடுத்துவிட்டு ஏப்பம் விடுகிறோம்.

சோறு விஷமல்ல. நம் முன்னோர் வயலில் உழைத்தும் சந்தைக்குச் சுமை சுமந்தும் அதே சோற்றைத்தான் உண்டார்கள். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. முச்சக்கர வண்டியில் போய், நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியோடு உறங்குபவர் அந்த உழைப்பாளியின் அளவையே பீங்கானில் குவிப்பதுதான் பிரச்சினை. சோற்றை நிறுத்தாமல் குறையுங்கள். பீங்கானில் பாதியை மரக்கறியும் கீரையும் சம்பலும் நிரப்பட்டும், ஒரு காற்பங்கு சோறாகவும் இன்னொரு காற்பங்கு மீன், இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றில் ஒன்றாகவும் இருக்கட்டும்.

இனி யாரும் எண்ணிப் பார்க்காத இரண்டு விடயங்கள். முதலாவது தேநீர். ஒரு கோப்பை பிளேன்டீக்கு மூன்று தேக்கரண்டி சீனி இடுவது எம் வீடுகளில் சாதாரணம். ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். நாளுக்கு ஐந்து கோப்பை பருகினால் 60 கிராம் சீனி, 240 கலோரி. வளர்ந்தவர் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சீனி நாளுக்கு 25 கிராம் அளவில் இருப்பது நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. விருந்தாளிக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று எங்கள் உம்மாமார் எண்ணுவதும் எனக்குத் தெரியும். சீனியைத் தனியே வைத்துக் கொடுத்துவிடலாம். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியீடு எமது நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு என்றால் சீனி அதிகம். பிள்ளைகளுக்குப் போத்தலை எடுத்துக் கொடுக்கும் தந்தை அந்த நிறத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டாவது எண்ணெய். ஒரு கிராம் புரதத்திலும் மாப்பொருளிலும் 4 கலோரி வீதம் இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. அதனை எரிப்பதற்குச் சாதாரண மனிதர் ஏறத்தாழ அரை மணி நேரம் நடக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் அவ்வாறே கொழுப்பு மிகுந்தது. நடந்து நடந்து எடை குறையவில்லை என்று முறையிடுவோர், நடை முடிந்து ஹோட்டலில் அமர்ந்து உண்ணும் இரண்டு ரோல்ஸைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புரதத்துக்கு வருவோம். உழைப்பு இல்லாதவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம் புரதம் போதுமானது. பாரம் தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை வேண்டும். 75 கிலோ எடையுள்ள வாலிபர் 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 120 கிராம் வருகிறது. இத்தொகையைக் கேட்டதும் விலையுயர்ந்த மாவு டின்னை வாங்கத்தான் வேண்டும் என்று வாலிபர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். காலையில் மூன்று முட்டை 18 கிராம். பகலுக்குச் சமைத்த மீன் 150 கிராம் அளவில் உண்டால் 33 கிராம். அதனோடு ஒரு கோப்பை பருப்பு 16 கிராம். மாலையில் அவித்த கடலை அரைக் கோப்பை 7 கிராம். இரவில் 120 கிராம் கோழி இறைச்சி 33 கிராம். ஒரு கோப்பை பால் அல்லது தயிர் 8 கிராம். சோற்றிலும் ரொட்டியிலும் உள்ளதையும் சேர்த்தால் தேவை நிறைவேறி மிஞ்சுகிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் முட்டையும் பால்மாவும் இறைச்சியும் பல குடும்பங்களுக்கு எட்டாதவையாகிவிட்டன என்பதை மறந்து நான் பேசவில்லை. நெத்தலிக் கருவாடு, பயறு, கௌபி, பருப்பு, சோயா இவற்றில் உள்ள புரதத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கோழி நெஞ்சிறைச்சி அவித்து, ஏனையோருக்குக் குழம்பு மாத்திரம் கொடுக்கும் நிலையும் சில இடங்களில் உண்டு. வாலிபச் சகோதரனே, உனது தசைக்காக உன் தங்கையின் பங்கு குறைக்கப்படுகிறதா என்பதை நீயே பார்த்துக்கொள்.

திருமண வீடுகளின் சஹன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் அந்த வழக்கம் அழகானது. உணவைப் பகிர்வதில் பரக்கத் உண்டு. ஆனால் உணவு மீந்துவிடக் கூடாதே என்று வயிறு வெடிக்கும் வரை உண்பதற்குப் பரக்கத் என்று பெயரில்லை. ஒரு நாள் வட்டிலப்பம் உண்டதால் எவரும் பருத்துவிடுவதும் இல்லை. விருந்தில் எதையும் தொடாமல் அமர்ந்திருந்து அழைத்தவர் மனதை நோகச் செய்ய வேண்டாம். சிறிது உண்டு எழுந்துவிடலாம்.

பயிற்சி பற்றி

தொழுகையே போதிய உடற்பயிற்சி என்று சில சகோதரர்கள் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பணிவோடு மாறுபடுகிறேன். தொழுகை வணக்கம், அதனை உடற்பயிற்சி என்று அறிமுகப்படுத்துவது அதன் தகுதியைக் குறைப்பதாகும். ஐவேளையும் தவறாது தொழும் எமது பெரியவர்கள் பலர் சீனி வருத்தத்தால் கால் விரல்களை இழந்திருக்கிறார்கள் என்பதையும் நாம் காண்கிறோமல்லவா? வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களுக்குக் குறையாத நடை போன்ற மிதமான பயிற்சியும், வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் இது. எமது பிள்ளைகளோ பாடசாலை விட்டதும் வகுப்பு, வகுப்பு விட்டதும் இன்னொரு வகுப்பு. பெற்றோரே, அந்த ஒரு மணி நேரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

தசைக்குப் பாரம் கொடுக்க இயந்திரங்கள் அவசியமில்லை. தண்டால், இருந்தெழுதல், கதவுக்கு மேலுள்ள கம்பியில் தொங்கி உடலை உயர்த்துதல், தண்ணீர் நிரப்பிய போத்தல்களையோ மணல் பையையோ தூக்குதல் ஆகியன தொடக்கத்துக்குப் போதும். இன்று 8 முறை முடிந்ததை அடுத்த வாரம் 9 முறை செய்ய வேண்டும். இலகுவானதும் பாரத்தைக் கூட்ட வேண்டும். சிறிது சிறிதாகக் கூடும் இந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்கவே தசை வளர்கிறது. வளர்ச்சி நிகழ்வது ஓய்வில். நள்ளிரவு ஒரு மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் தசையும் பலம் பெறாது, ஸுப்ஹும் தப்பிப்போகும். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற கருத்துடைய ஹதீஸை நாம் வணக்கத்துக்குச் சொல்கிறோம். பயிற்சிக்கும் அது நல்ல அளவுகோல்.

உடற்பயிற்சி நிலையம் செல்வோர் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் உடையை அணியட்டும். அஸரும் மஃரிபும் அங்கே கழிந்துபோகாத நேரத்தைத் தெரிவு செய்யட்டும். மேலாடையின்றிப் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் இடுவதைப் பற்றி நான் நீட்டிப் பேசப்போவதில்லை. யாருக்காக இந்த உழைப்பு என்ற கேள்விக்கு அந்தப் படம் பதிலளித்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளின் விடயம் தனியே சொல்லப்பட வேண்டியது. திருமணப் பேச்சு எழுந்ததும் பிள்ளையைச் சாப்பிட விடாமல் தடுக்கும் தாய்மாரை அறிவேன். 16, 17 வயதில் உணவைக் கடுமையாகக் குறைத்தால் இரத்தச்சோகை ஏற்படும், மாதாந்த ஒழுங்கு குலையும், எலும்பு வலுவிழக்கும். எலும்பின் உறுதி பெருமளவு சேர்வது இந்த வயதில்தான். பாரம் தூக்கினால் ஆண்களைப் போலத் தசை புடைத்துவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. பெண்ணின் உடலில் சுரக்கும் ஹோர்மோன்கள் அதற்கு இடமளிப்பதில்லை. வீட்டு முற்றத்திலோ மாடியிலோ தாயும் மகளும் சேர்ந்து அரை மணி நேரம் பயிற்சி செய்ய எந்தத் தடையும் இல்லை. சில ஊர்களில் பெண்களுக்கென நேரம் ஒதுக்கப்பட்ட நிலையங்கள் உள்ளன. இல்லாத ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகங்கள் இதனைச் சிந்திக்கட்டும். ஆண்களுக்கு மைதானம் தேடுகிறோம், பெண்களுக்கு அறிவுரை மட்டும் கொடுக்கிறோம்.

ரமழான் மாதத்தில் எடை குறையும் என எதிர்பார்த்துப் பெருநாளில் இரண்டு கிலோ கூடியவர்கள் எம்மில் ஏராளம். நோன்புக் கஞ்சி நல்லுணவு. அதனைச் சூழ்ந்திருக்கும் சமோசா, கட்லட், பெட்டிஸ், சர்பத் ஆகியவையே கணக்கை மாற்றுகின்றன. பயிற்சியை முற்றாக விடாமல், இஃப்தாருக்குச் சற்று முன் இலேசாகவோ தராவீஹுக்குப் பின்னரோ செய்து தசையைக் காத்துக்கொள்ளலாம். ஸஹரில் முட்டை, தயிர், பருப்பு போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையைக் குறைப்பதற்கென்றே திங்களும் வியாழனும் நோன்பிருக்கலாமா என்று கேட்கிறார்கள். அல்லாஹ்வுக்காக நோற்பவருக்கு உடல் நலம் உபரியாகக் கிடைக்கும். அந்த நிய்யத் இல்லாதவர் பகலில் பட்டினி இருந்தவர் மட்டுமே.

மாவும் ஊசியும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. கடைகளில் விற்கப்படும் வே புரத மாவு, பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படுவது. அது உணவே, போதைப்பொருளல்ல. உணவில் புரதம் போதாதவருக்கு உதவும், போதியவருக்கு அவசியமில்லை. பாலைத் திரிக்கப் பயன்படும் நொதியம் எப்பிராணியிலிருந்து பெறப்பட்டது, குளிசையின் மேலுறையிலுள்ள ஜெலட்டின் எதனால் ஆனது என்ற கேள்விகள் இருப்பதால், ஹலால் சான்றுள்ளதைத் தெரிவு செய்வதே பேணுதல். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடக் கூடாது.

ஊசியின் கதை வேறு. ஆண்மைக்குரிய ஹோர்மோனைப் போன்று செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட மருந்து அது. வெளியிலிருந்து அது வரும்போது உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. விதைப்பை சுருங்குகிறது, விந்து குறைகிறது, குழந்தைப் பேறே கேள்விக்குள்ளாகலாம். ஆணின் மார்பு பெண்ணின் மார்பைப் போல் பருக்கலாம். இரத்தத்தில் கொழுப்பின் சமநிலை கெட்டு, இதயத் தசை தடித்து, இளவயதிலேயே மாரடைப்பு நேர வழியுண்டு. குளிசையாக உட்கொள்வது ஈரலைத் தாக்கும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்கூட்டியே மூடி உயரம் நின்றுவிடும். கோபமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும். அந்தத் தாய் மகனின் கோபத்தைக் கண்டே அலுமாரியைத் திறந்து பார்த்தார். ஒரே ஊசியைப் பலர் பாவித்தால் ஈரல் அழற்சிக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்றும். தம்மை அழிவில் போட்டுக்கொள்வதைத் தடுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தின் பொருளில் இது அடங்காது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நோய்க்காக வைத்தியர் கொடுப்பது வேறு. உருவத்துக்காகத் தானே ஏற்றிக்கொள்வது ஹராம். அதனை மாணவருக்கு விற்பவரின் சம்பாத்தியமும் அவ்வாறே. விளையாட்டுப் போட்டிகளில் பங்குபற்றும் மாணவர்கள் இன்னொன்றையும் அறிக. ஊக்கமருந்துக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் சட்டம் எமது நாட்டில் உண்டு, பரிசோதனையில் அகப்பட்டால் போட்டித் தடை விதிக்கப்படும்.

பெற்றோரே, பிள்ளையின் உடல் குறுகிய காலத்தில் பெரிதும் பருத்தால், முகத்திலும் முதுகிலும் திடீரெனப் பருக்கள் நிறைந்தால், குணம் மாறினால் கேளுங்கள். அடித்துக் கேட்காதீர்கள். பாவிப்பவர் தாமாகவே திடீரென நிறுத்திவிட்டு ஒளிந்திருப்பதும் சரியல்ல. உடலின் சொந்தச் சுரப்பு மீள்வதற்குக் காலம் எடுக்கும், அக்காலத்தில் கடும் மனச்சோர்வு வரலாம், ஆகவே வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும்.

இந்தக் குப்பிக்குப் பின்னால் வகுப்பறையின் அந்தப் பட்டப்பெயரும் இருக்கிறது. ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் மிஸ்வாக் பறிப்பதற்காக மரமேறியபோது அவர்களது மெலிந்த கெண்டைக்கால்கள் தெரிய, தோழர்கள் சிரித்தார்கள். அவ்விரு கால்களும் மீஸானில் உஹத் மலையை விடக் கனமானவை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்குப் பதிலளித்ததை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். மெலிந்தவனை நெத்தலி என்றும் பருத்தவனை மூட்டை என்றும் வீட்டிலேயே அழைக்கும் வாப்பாமார், உம்மாமார் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று அந்தத் தந்தையும் என்னிடம் சொன்னார்.

அந்த வாலிபனை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். நான்கு ஊசிகளோடு அகப்பட்டுக்கொண்டதால் பாதிப்பு ஆழமாகச் செல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரத்தப் பரிசோதனைகள் சில மாதங்கள் தொடர்ந்தன. வைத்தியர் தந்தையையும் விடவில்லை. அரச வைத்தியசாலையின் சுகவாழ்வு நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்ததில் அவருக்குச் சீனி வருத்தம் தொடங்கியிருந்தது தெரியவந்தது. இப்போது ஸுப்ஹுக்குப் பின் இருவரும் குளக்கட்டில் நடக்கிறார்கள். தந்தை பிளேன்டீயைச் சீனியின்றிக் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்; மகன் வீட்டில் ஒரு கம்பி கட்டியிருக்கிறான். கடைசியாகப் பார்த்தபோது ஐந்து முறை உயர முடிகிறது என்றான். எடையைக் கேட்டேன். இந்த மாதம் தராசில் ஏறவில்லை என்றான்.